டெமாலிஷ் பண்ண வந்தவர்கள்

அந்த இங்கிலீஷ் வார்த்தையை எழுத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு சுவரில். சிவப்பு பெயிண்ட். பெரிய எழுத்து. கிளியனூர் பக்கம் ரோட்டை அகலமாக்குகிறோம் என்று வந்தவர்கள், ரோட்டோர வீடுகளில் கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் அதை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எழுதியவனுக்கு என்ன அவசரமோ. பெயிண்ட் வழிந்து தரை வரைக்கும் இறங்கியிருந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க நேரம் ஆகும். ஒவ்வொன்றாகக் கூட்டி முடித்தேன். டெமாலிஷ். இதுதானா என்று இருந்தது. காதில் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை. அதைச் சொல்கிறவர்கள் கூப்பிட்டுத்தான் இருபது வருஷமாக வேலைக்குப் போகிறேன்.

பழைய வீடு இடிப்பது என் தொழில். முதலில் என் வீட்டுக்காரர்தான் மேஸ்திரி. வல்லம் பக்கம் ஒரு வீட்டில் மேலேயிருந்து விழுந்து முட்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் திண்டிவனத்தில் வீட்டில் உட்கார்ந்து போன் பேசுகிறார். நான் ஆள் கூட்டிக்கொண்டு போகிறேன். என்னோடு இரண்டு ஆம்பளை, ஒரு பொம்பளை. கடப்பாரை, சம்மட்டி, ரம்பம், கயிறு. இடித்து எடுத்த செங்கலில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டி அடுக்குவதும் நாங்கள்தான்.

எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை பத்தாது. மெத்தை என்றால் மேல்தளம், அதைக் கொத்துகிறோம். உத்தரத்தை இறக்குகிறோம். சுவரை இடிக்கிறோம். வாசல் நிலையை எடுக்கிறோம். நான்கு வேலை, நான்கு வார்த்தை. இந்த வரிசையில்தான் செய்வோம். வரிசையை மாற்றினால் ஆள் சாவான்.

ரோடு வேலையில் எங்களைக் கூலிக்கு வைத்த சூப்பர்வைசருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. சின்ன வயசு. இன்ஜினியர் படித்தவர். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார். இடிப்பு வேலைக்கு வெள்ளை ஷூ போட்டு வருகிறவரைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

"அக்கா, இத டெமாலிஷ் பண்ணிடு. அந்தத் திட்டு கீதே, அதையும் டெமாலிஷ் பண்ணிடு."

திட்டு என்றால் டீக்கடைக்காரர் பால் கேன் வைப்பதற்காக மண்ணைக் கூட்டி வைத்த மேடு. காலால் தள்ளினால் போய்விடும். அதற்கும் டெமாலிஷ்.

ஒரு நாள் மத்தியானம் பரோட்டாக் கடையிலிருந்து வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார்.

"நாலு பரோட்டாக்கா. டெமாலிஷ் பண்ணிட்டு வர்றேன்."

எங்கள் ஆள் ஒருவன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"கடப்பாரை வெச்சா சார்?"

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார்.

அந்த மாதம்தான் திண்டிவனத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை இறக்கினோம். சாய்ந்து நின்ற சுவர். அவர் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். நாங்கள் செங்கலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று பயந்து, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க ஒருவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது. பேச்சுக் கொடுத்தேன்.

"சார், டெமாலிஷ்னா இன்னா சார்?"

"இடிக்கிறதும்மா. நீ பண்றியே, அதான்."

"அது தெரியும் சார். அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன்."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். செங்கல் அவருக்கு மறந்துபோனது. அன்றைக்கு நான் ஒரு லோடு ஏற்றியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

"லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல மோலேஸ்னா பெரிய பாரம். மல மாதிரி எழும்பி நிக்கிற கட்டடம்னும் வெச்சிக்க. அதுலேருந்து மோலீரின்னு ஒரு வார்த்த. பாரத்த மூச்சுப் புடிச்சி ஏத்தறது. கட்டறது. அதுக்கு முன்னாடி டி சேத்துட்டா, ஏத்தினத கீழ எறக்கறதுன்னு ஆயிடும். லத்தீன்லேருந்து பிரெஞ்சுக்குப் போயி, அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு."

"அப்போ அந்த வார்த்தைக்குள்ள கட்டறது இருக்குது."

"இருக்குது."

"அத எவனும் சொல்ல மாட்டேன்றானே சார்."

"எவனுக்கும்மா தெரியும்?" என்று சிரித்தார். பல்செட் ஆடியது.

அதை எதற்கெல்லாம் சொல்லலாம் என்று கேட்டேன். கட்டடத்துக்குச் சொல்லலாமாம். ஒருத்தன் பேசுகிற பேச்சில் ஒன்றும் இல்லை என்று ஆக்கிவிட்டால் அதற்கும் சொல்லலாமாம். மேட்சில் எதிர் டீமைத் தலைதூக்க விடாமல் அடித்தால் சொல்லலாமாம். தட்டில் இருக்கும் சோற்றைத் துடைத்துத் தின்றால், வேடிக்கைக்கு அதற்கும் சொல்வார்களாம். அப்போது பரோட்டாவைச் சூப்பர்வைசர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டைத்தான் தப்பாகச் சொல்கிறார்.

டிஸ்மேன்டில் என்று இன்னொன்று இருக்கிறதாம். போர்வையை உருவுவது என்று அதற்கு மூல அர்த்தம். கோட்டைக்கு மதில்தான் போர்வை, அதை உருவினால் கோட்டை அம்மணம் என்றார். நான் செஞ்சி வழியாகப் பல தடவை போயிருக்கிறேன். அங்கே மதில் இன்னும் நிற்கிறது. உள்ளே இருந்தவர்கள்தான் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார்.

அவ்வளவு தெரிந்த மனுஷர், தன் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் ஒரு சாண் கூட அஸ்திவாரம் இல்லாமல் கொத்தன் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனதைப் பார்க்கவில்லை. சாயாமல் என்ன செய்யும்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். லத்தீன், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று வந்த வழியைச் சொன்னேன்.

"பிரெஞ்சுலேருந்து வந்துச்சுன்னா பாண்டிச்சேரி வழியாத்தான் வந்திருக்கும். அதான் கிளியனூர்ல எறங்கிக்கினு கீது" என்றார்.

முட்டி போனாலும் வாய் போகவில்லை.

கோடு போட்ட வீடுகளில் ஒன்று ஒரு டைலருடையது. அறுபது தாண்டியவர். முன்னால் ஒரு அறை, அதில் தையல் கடை. அதற்குப் பின்னால் நடுச்சுவர். நடுச்சுவருக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல் கட்டும். கோடு நடுச்சுவருக்கு ஒரு அடி முன்னால் போனது. முன் அறை ரோட்டுக்கு. பின்னால் இருப்பது அவருக்கு.

வியாழக்கிழமை பொக்லைன் வரப்போகிறது என்றதும், திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்த வண்டி வந்து கைய வெச்சா மொத்தமும் வந்துடும். அதுக்குள்ள முன்பக்கத்த நீ கையால எறக்கிக் குடு. பின்னாடி அறை நிக்கணும். நின்னுச்சுன்னா மிஷின அங்க போட்டுக்கினு பொழச்சிக்குவேன்."

"நிக்கலன்னா இன்னாண்ணே பண்ணுவீங்க?"

"முகையூர் போவணும். பொண்ணு வீட்டுக்கு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாட்டுக்கொட்டா பக்கத்துல ரூம் கீதுன்னு மாப்பிள்ள இப்பவே சொல்லிட்டாரு. அங்க போனா ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும் அவரு மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். என்னால ஆவாது."

மேலே ஏறிப் பார்த்தேன். மெத்தை வீடு. மூன்று பனை உத்தரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை முன்சுவரில், மறு முனை நடுச்சுவரில். நடுச்சுவருக்குள் ஒரு முழம் புதைந்திருந்தது. நடு உத்தரம் வாசல் நிலைக்கு நேர் மேலே. கட்டியவன் உத்தரத்தை வைக்கக் கூடாத இடத்தில் வைத்திருந்தான். அந்தப் பாரம் முழுக்க இத்தனை வருஷமாக அந்த நிலைதான் தாங்கியது.

நிலையை முதலில் உருவினால் முன்சுவர் உட்காரும். உத்தரங்களின் முன் முனை கீழே போகும். பின் முனை நடுச்சுவருக்குள் இருந்துகொண்டு நெம்பும். மூன்று உத்தரம், மூன்று கடப்பாரை. நடுச்சுவர் போனால் பின் அறையும் போனது.

டைலருக்கு இதை வேறு மாதிரி சொன்னேன்.

"அண்ணே, தைச்ச துணியப் பிரிக்கணும்னா ரெண்டு பக்கமும் புடிச்சி இழுப்பீங்களா?"

"எவனாவது இழுப்பானா? கிழிஞ்சிடும். ஒவ்வொரு தையலா வெட்டி வெட்டித்தான் வரணும்."

"அதான் இதுவும்."

அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லத்தீனும் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மெத்தையைக் கொத்த ஆரம்பித்தோம். சாயந்திரத்துக்குள் அது முடிந்தது. மறுநாள் திண்டிவனத்திலிருந்து சவுக்குக் கட்டை கொண்டுவந்து உத்தரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு நின்ற பிறகு உத்தரத்தை அறுக்க வேண்டும். பிறகு சுவரை மேலேயிருந்து வரி வரியாக எடுக்க வேண்டும். நிலை கடைசி.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார். முகையூரில் சொந்த நிலம் உள்ளவர். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் காலண்டரிலிருந்து கிழித்த தேதித்தாள். அதை எடுத்து மாமனார் முன்னால் நீட்டினார்.

"மாமா, நாளைக்கு ஒம்போதே கால்லேருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். நிலைய எடுத்துடணும்."

"நிலைய கடைசிலதான் எடுக்கணும்னு தங்கச்சி சொல்லுதே மாப்ள."

"யாரு?"

நான்தான் என்றேன்.

"ஏம்மா, வீடு கட்டும்போது மொதல்ல வெச்சது நிலைதான? பூஜை போட்டு, அடியில நவதானியம் போட்டு வெச்சது. அதத்தான் மொதல்ல எடுக்கணும். வீட்ட இடிச்சிட்டு எடுத்தா, எழவு வீட்டுலேருந்து பொறுக்கினு வந்தா மாதிரி."

"மொதல்ல வெச்சதாலதான் தம்பி கடைசியா வரும். அது மேல எல்லாம் ஒக்காந்துக்கினு கீது."

டைலர் சம்சாரம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "லட்சுமி இருக்கற எடம்மா அது. பாத்து சொல்லு."

"லட்சுமி ஒரு நாள் சேத்து இருக்கட்டுமேம்மா. இன்னா இப்போ."

இந்த ஊர்ப் பக்கம் இந்தத் தப்பை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். வீடு போனால் போகட்டும், நிலையை நல்ல நேரத்தில் எடுக்க வேண்டும் என்பார்கள். அறுபது எழுபது வருஷம் பாரம் சுமந்த மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அது எதைச் சுமக்கிறது என்று தலையைத் தூக்கி மேலே பார்க்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் சூப்பர்வைசரும் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை அவரிடம் கேட்டார். படித்தவர் இருக்கும்போது என்னிடம் என்ன பேச்சு.

"எப்பிடியும் டெமாலிஷ்தான" என்றார் அவர். "மின்னாடி எடுத்தா இன்னா, பின்னாடி எடுத்தா இன்னா? எடுத்துக்குங்க. நம்ம ஆளு ரெண்டு பேர அனுப்பறேன்."

"சார்" என்றேன். "ஷூவக் கழட்டாம சாக்ஸ மட்டும் கழட்டுங்க, பாக்கலாம்."

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சூப்பர்வைசர் முகம் ஒரு மாதிரி ஆனது. அதற்குப் பிறகு அவர் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. ஏம்மா என்றார்.

மாப்பிள்ளை கடைசியாக ஒன்று சொன்னார்.

"நிலைல எங்க ஆளுங்கதான் கைய வெப்பாங்க. நீங்க சுவரப் பாத்துக்குங்க."

எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். நான் முட்டுக் கட்டையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"முட்டு கொண்டாந்து வெக்கற வரைக்கும் யாரும் நிலையத் தொடக்கூடாது. தொட்டா பின்னாடி அறைக்கு நான் பொறுப்பில்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். டைலரும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார். முகையூர் போகாமலே அந்த வேலை ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமை காலையில் நானும் எங்கள் ஆம்பளைகள் இரண்டு பேரும் லோடு ஆட்டோவில் திண்டிவனம் போனோம். செங்கல் சுரண்ட அந்தப் பொம்பளையை மட்டும் அங்கே விட்டிருந்தேன். மரக்கடையில் கட்டை எடுத்துக் கொடுக்கிற ஆள் வரவில்லை. நாங்களே பொறுக்கி ஏற்றினோம். பாதி ஏற்றும்போது அவள் போன் பண்ணினாள்.

"அக்கா, மாலை போட்டுட்டாங்க."

"யாருக்கு?"

"நிலைக்கு."

"கிட்ட போவாதீங்கன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். 'ஒனக்கு இன்னா தெரியும், ஜல்தியா எடுக்கணும், பத்தே கால் ஆயிடும்'ன்றாங்க. சூப்பர்வைசரு வீடியோ புடிச்சிக்கினு கீறாரு. சுத்தி இருக்கற கல்ல கொத்தறாங்கக்கா."

"டைலர் எங்க?"

"பின்னாடி அறையில தெச்சிக்கினு கீறாரு. யாருக்கோ அவசரமாம்."

"அவர வெளிய கூப்புடு. மொதல்ல அவர வெளிய கூப்புடு."

கட்டை ஏற்றியது போதும் என்று புறப்பட்டோம். ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். "லோடு வண்டிம்மா, பேஜாரு பண்ணாத" என்றார். சரிதான்.

நாங்கள் போய் இறங்கும்போது தெரு முழுக்கப் புழுதி. நடந்ததை அவள் சொன்னாள். கல்லைக் கொத்தி நிலையைச் சுற்றி விடுவித்திருக்கிறார்கள். தேங்காய் உடைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கற்பூரம் காட்ட, நான்கு பேர் நிலையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்திருக்கிறார்கள். நிலை சிராய்ப்பு இல்லாமல் வந்திருக்கிறது. சுவர் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. கை தட்டியிருக்கிறார்கள். பிறகு உட்கார்ந்திருக்கிறது.

யாருக்கும் அடி இல்லை. அது அவர்களுடைய சாமர்த்தியம் இல்லை. நிலையைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறம். கற்பூரத் தட்டு இன்னும் கையில் இருந்தது. கற்பூரம் அணைந்திருந்தது. சூப்பர்வைசரின் ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

டைலர் ரோட்டோரம் நின்றார். கழுத்தில் அளவு டேப். கையில் பாதி தைத்த ஜாக்கெட். எங்கள் பொம்பளைதான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முடிஞ்சிதா தங்கச்சி?"

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். நடு உத்தரத்தின் முன் முனை, விழுந்த சுவர்க் குவியலின் மேல் கிடந்தது. மறு முனை நடுச்சுவருக்குள். அங்கிருந்து ஒரு வெடிப்பு மேலே ஏறிப் போனது. உள்ளங்கையை உள்ளே விடலாம். குவியல் உட்கார உட்கார உத்தரம் இறங்கும். இறங்க இறங்க வெடிப்பு திறக்கும். ஓரத்து உத்தரங்கள் இரண்டும் அரைகுறையாக மீதிச் சுவரில் நின்றன.

"இன்னும் முடியலண்ணே."

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். "பொக்லைன இப்பவே வரச் சொல்றேம்மா. கொக்கி போட்டு அந்தக் கட்டைய இழுத்துடலாம்."

"இழுத்தா அவரு வீடும் ஒங்க வண்டி பின்னாடியே வரும் சார். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.

சவுக்குக் கட்டைகளை இறக்கினோம். உத்தரம் மேற்கொண்டு இறங்காமல் அடியில் முட்டுக் கொடுத்தோம். ஆள் பத்தவில்லை. ஒரு முட்டுக் கட்டையை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆப்பு அடிக்கும்போது அசையக் கூடாது. சுற்றிப் பார்த்தேன். மாப்பிள்ளை தட்டோடு நின்றார்.

"தம்பி, அத கீழ வெச்சிட்டு இத வந்து புடி."

வந்தார். பிடித்தார். பிடித்த இடம் சரியில்லை. அவர் கையை எடுத்து மேலே வைத்தேன். அது நழுவாமல் இருக்க அதன் மேல் என் கையையும் வைத்தேன். எங்க ஆளு, ஒங்க ஆளு என்று அப்போது ஒரு பேச்சும் இல்லை.

"அசைஞ்சா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"மாமனாரு ஒங்க வீட்டுக்கு வருவாரு."

அதற்குப் பிறகு அவர் அசையவில்லை.

நடுச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ரம்பம் வைத்தோம். பனை வெளியே இரும்பு, உள்ளே நார். ரம்பம் பாதியில் கவ்வும். எடுத்து எண்ணெய் தடவி மறுபடி வைக்க வேண்டும். ஒரு பக்கம் நான், மறு பக்கம் எங்கள் ஆள். டைலர் மிஷினுக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தார். மூக்கு வைத்த சின்ன டப்பா. அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார். தொழில் பழக்கம்.

நடு உத்தரம் அறுந்து தனியாக இறங்கியபோது மணி பன்னிரண்டரை. நடுச்சுவர் ஒரு முறை முனகியது. கொஞ்சம் காரை உதிர்ந்தது. பிறகு சும்மா இருந்தது. டைலர் சம்சாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அது புதன்கிழமை ராகுகாலம். தேதித்தாள் மாப்பிள்ளை பையில்தான் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மீதி இரண்டையும் அறுத்தோம். சுவரில் மீதி இருந்ததை வரி வரியாக எடுத்தோம். வெடிப்பில் செங்கல் சில்லு அடைத்து சிமென்ட் கலவை பூசினோம். இருட்டுவதற்குள் முடிந்தது.

வியாழக்கிழமை பொக்லைன் வந்தது. நாங்கள் ஒதுக்கி வைத்த மண்ணை வாரி லாரியில் போட்டுவிட்டுப் போனது. சூப்பர்வைசர் வேறு ஷூ போட்டு வந்திருந்தார். காலியிடத்தைப் போனில் படம் எடுத்தார். யாரிடமோ பேசினார்.

"ஆமா சார். டெமாலிஷ் ஆயிடுச்சு. கன்ட்ரோல்டா பண்ணினோம் சார்."

பண்ணினோம் என்றதில் நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை. சிவப்பு பெயிண்டில் வார்த்தை எழுதியிருந்த சுவர் செங்கலாகக் கிடந்தது. ஒரு செங்கலில் ஒரு எழுத்தின் பாதி இருந்தது. அதையும் சுரண்டி மற்றதோடு அடுக்கினோம். நல்ல கல்.

மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்காக அங்கே போனேன். ரோடு வீட்டை ஒட்டிக்கொண்டு போனது. நடுச்சுவர் இப்போது முன்சுவர். அதில் அந்த நிலையைக் கொத்தனார் யாரோ நிறுத்தியிருந்தார். வெடிப்பு பூசின இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. டைலர் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பின் அறைதான் இப்போது கடை, படுக்கை எல்லாம்.

மாப்பிள்ளை வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, துணி வாங்க வந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் பாத்து நிலைய எடுத்தோம் பாருங்க. அதான் பாதி வீடு தப்பிச்சிது. இல்லன்னா மொத்தமும் போயிருக்கும்."

வந்தவர் தலையாட்டினார். நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். நான் ஜாக்கெட் துணியை எடுத்து டைலர் முன்னால் வைத்தேன். வார்த்தையால் இடிப்பதும் இருக்கிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

டைலர் பல்லால் நூலைக் கடித்தார். தைத்ததை உதறி மடித்து வைத்தார். என்னைப் பார்த்தார், வெயிலில் வந்தவளாகத் தெரிந்திருக்கும்.

"மாப்ள" என்றார். "தங்கச்சிக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டாந்து குடுங்க."

மிஷின் சத்தம் நின்றிருந்தது. மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணி வாங்க வந்தவரைப் பார்த்தார். டைலர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பச் சொல்லவில்லை.

ஸ்டூலிலிருந்து எழுந்தார். உள்ளே போனார். குடத்தில் மொள்ளும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து நீட்டினார்.

வாங்கி, டம்ளரில் வாய் வைத்துக் குடித்தேன்.